லியாந்தா ஏன் உடையவில்லை? ஒரு போர்க்காலப் பல்கலைக்கழகத்தின் கதை

1937 நவம்பர் 1-ஆம் தேதி சாங்ஷாவில் வகுப்பு தொடங்கி, 1946 ஜூலை 31-ஆம் தேதி குன்மிங்கில் கலைக்கப்பட்ட ஒரு சீன அரசுப் பல்கலைக்கழகம். முழுசாக ஒன்பது வருடம்கூட ஓடவில்லை. முழுப்பெயர் தேசிய தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகம், சீனர்கள் சுருக்கமாகச் சொல்வது லியாந்தா. மொத்தம் சுமார் 8000 மாணவர்கள் சேர்ந்தார்கள், பட்டம் வாங்கியவர்கள் 3800 பேருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் 1957-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய யாங் சென்-நிங், லீ த்சுங்-தாவோ இரண்டு பேரும் இங்கே படித்தவர்கள். சீனாவின் அணுகுண்டுத் திட்டத்தைத் தோளில் சுமந்த தெங் ஜியாசியன், ஜூ குவாங்யா இருவரும் இங்கிருந்து வந்தவர்கள்தான். கணிதத்தில் ஹுவா லுவோகெங், சென் ஷிங்-ஷென், இலக்கியத்தில் வாங் செங்சி, மு தான் என்று பட்டியல் நீளும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தியாகம், தேசப்பற்று, வறுமையிலும் படிப்பு என்ற வரிசையில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் அதே போரில், அதே தேசப்பற்றோடு, அதே காலத்தில் சியான் நகரத்தில் இன்னொரு கூட்டுப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டது. பெய்பிங் பல்கலைக்கழகம், பெய்பிங் ஆசிரியர் பல்கலைக்கழகம், பெய்யாங் பொறியியல் கல்லூரி என்ற மூன்றையும் சேர்த்து உருவானது அது. 1938 ஏப்ரலில் வடமேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஜூலையிலேயே பொறியியலையும் வேளாண்மையையும் கல்வி அமைச்சகம் பிரித்து எடுத்தது, 1939 ஆகஸ்டில் மிச்சமும் தனித்தனி நிறுவனங்களாகச் சிதறிவிட்டது. அங்கே ஒன்றரை வருடம்கூடத் தாங்காத ஏற்பாடு குன்மிங்கில் மட்டும் எட்டு வருடம் எப்படித் தாங்கியது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கதையை முதலில் இருந்து பார்ப்போம்.

1937 ஜூலை 7, மார்க்கோ போலோ பாலத்தில் ஜப்பானியப் படையோடு சண்டை. மாதக் கடைசியில் பெய்பிங் விழுந்தது (இன்றைய பெய்ஜிங்தான், அப்போது அந்தப் பெயர்). ஜூலை 29, 30 தேதிகளில் தியன்ஜினில் இருந்த நான்கை பல்கலைக்கழகத்தை ஜப்பானியர்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். நான்கை தனியார் பல்கலைக்கழகம், 1919-இல் ஜாங் போலிங்கும் யான் சியூவும் சேர்ந்து காசு திரட்டிக் கட்டியது. மற்ற இரண்டும் பெய்பிங்கில் இருந்தவை, இரண்டுமே அரசுடையவை. 1898-இல் தொடங்கிய பீக்கிங் பல்கலைக்கழகம், பிறகு பாக்சர் கலகத்துக்காகச் சீனா வெளிநாடுகளுக்குக் கட்டிய இழப்பீட்டுப் பணத்தில் அமெரிக்கா திருப்பிக் கொடுத்த பங்கைக் கொண்டு 1911-இல் எழுந்த சிங்ஹுவா. மூன்றையும் சேர்த்து ஹுனான் மாகாணத்தின் சாங்ஷாவில் ஒரு தற்காலிகப் பல்கலைக்கழகம் நடத்துங்கள் என்று அரசு சொன்னது. போர் வரும் என்று எதிர்பார்த்து சிங்ஹுவா ஏற்கெனவே சாங்ஷாவில் கட்டடம் கட்ட ஆரம்பித்திருந்தது, அந்த முன்யோசனை கொஞ்சம் கைகொடுத்தது. இடம் போதாமல் கலைப்புலத்தை ஹெங்ஷான் மலையில் நான்யுவே என்ற இடத்தில் வைத்தார்கள். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எம்ப்சன் அங்கே பாடம் நடத்தினார். கையில் புத்தகங்கள் இல்லை, அதனால் ஆங்கிலக் கவிதைகளை நினைவில் இருந்தே எழுதிக் கொடுத்து வகுப்பு எடுத்தார்.

ஒரு பருவம்தான் ஓடியது. டிசம்பர் 13-இல் தலைநகர் நான்ஜிங் விழுந்தது, சாங்ஷா மீதும் குண்டு விழ ஆரம்பித்தது. திரும்பவும் மூட்டை கட்டினார்கள், இந்த முறை நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் யுன்னான் மாகாணத்துக்கு.

பயணம் மூன்று வழியில் நடந்தது. ஒரு கூட்டம் ரயிலில் குவாங்ஜோ போய், ஹாங்காங்கில் கப்பல் ஏறி, வியட்நாமின் ஹைஃபோங்கில் இறங்கி, பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ரயில் பாதையில் குன்மிங் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கூட்டம் பஸ்ஸில் குய்லின் வழியாக வியட்நாம் எல்லைக்குப் போய் அதே ரயிலைப் பிடித்தது. மூன்றாவது கூட்டம் ஏறத்தாழ 300 பேர், உடல்தகுதிச் சோதனையில் தேறிய ஆண் மாணவர்களும் 11 ஆசிரியர்களும். இவர்கள் 1938 பிப்ரவரியில் கிளம்பி 68 நாள் கழித்து ஏப்ரல் 28-ஆம் தேதி குன்மிங்குக்குள் நுழைந்தார்கள். மொத்த தூரம் 1600 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் படகும் வண்டியும் கொஞ்சம் உதவினாலும் பெரும்பகுதி நடைதான். ராணுவ உடுப்பு, புல்லால் முடைந்த செருப்பு, எண்ணெய்த்தாள் குடை. வென் யீதுவோ என்ற கவிஞர், சிகாகோவில் ஓவியம் படித்தவர், வழியெல்லாம் ஊர்களையும் பாலங்களையும் பென்சிலில் வரைந்துகொண்டே நடந்தார். போர் முடியும்வரை தாடியை எடுப்பதில்லை என்று வளர்த்துக்கொண்டார். வேதியியல் பேராசிரியர் செங் ஜாவ்லுன் மலைச்சாலையில் எல்லோரும் குறுக்கே இறங்கிப்போனாலும் சாலையின் ஒவ்வொரு வளைவையும் சுற்றியே வருவார். மாணவராக இருந்த மு தான் ஒரு ஆங்கில அகராதியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, முடித்த பக்கத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே நடந்ததாக உடன் படித்தவர் எழுதியிருக்கிறார். இன்னொரு மாணவர் வழியில் கேட்ட நாட்டுப்பாடல்களை எழுதி எடுத்து, பிறகு தொகுப்பாகவே வெளியிட்டார். கடற்கரை நகரங்களில் படித்த பிள்ளைகள் தங்கள் நாட்டின் உள்மாகாணங்களை, மியாவ் மக்களின் கிராமங்களை, அபின் விளைந்த வயல்களை முதல்முறையாகப் பார்த்தது இந்த நடையில்தான். அவர்களில் பலருடைய எழுத்திலும் ஆய்விலும் அது பிறகு திரும்பத் திரும்ப வந்தது.

அவர்கள் நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 2-இல், தற்காலிகப் பல்கலைக்கழகம் என்ற பெயர் போய்த் தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகம் என்று ஆனது.

மண்சுவரும் தகரக்கூரையும்

குன்மிங்கில் இடம் கிடைக்காமல் கலை, சட்டப் புலங்கள் சில மாதம் தெற்கே மெங்சி என்ற சின்ன ஊரில் நடந்தன. பிறகு நகரத்தின் வடமேற்குப் பக்கம் நிலம் வாங்கிப் புது வளாகம் கட்டினார்கள். வரைபடம் போட்டவர் லியாங் சிசெங், உடன் அவருடைய மனைவி லின் ஹுய்யின். சீனக் கட்டடக்கலை வரலாற்றையே எழுதிய தம்பதி அவர்கள். முதலில் போட்ட திட்டத்துக்குப் பணம் இல்லை, திரும்பத் திரும்பக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நின்றது மண்சுவர். வகுப்பறைகளுக்குத் தகரக்கூரை, விடுதிகளுக்கு ஓலை போன்ற புல்கூரை. மழை அடித்தால் தகரத்தின் சத்தத்தில் வாத்தியார் குரல் கேட்காது. பொருளியல் பேராசிரியர் சென் தாய்சுன் ஒருநாள் கரும்பலகையில் ‘வகுப்பு நிறுத்தம், மழையை ரசியுங்கள்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். பின்னால் பணமுடை வந்தபோது அந்தத் தகரத்தையும் விற்றுவிட்டு வகுப்பறைகளுக்கும் புல்லையே வேய்ந்தார்கள்.

நூலகத்தில் உட்கார இடமும் குறைவு, புத்தகமும் குறைவு. பீக்கிங் பல்கலைக்கழகத்தின் நூலகம் எதிரி கையில் சிக்கியிருந்தது. சிங்ஹுவா போர்க்காலத் தலைநகரான சோங்சிங் பக்கம் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்த புத்தகங்களிலும் பெரும்பகுதி 1940 குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதனால் மாணவர்கள் டீக்கடைகளில் படித்தார்கள். ஒரு டீ வாங்கிக்கொண்டு ராத்திரிவரை உட்காரலாம், கடைக்காரர்கள் விரட்டவில்லை, வெளிச்சத்துக்குக் கடையின் விளக்கு. பரீட்சைத் தாளும் கட்டுரையும் கவிதையும் அங்கேதான் எழுதப்பட்டன.

1938 செப்டம்பர் 28-இல் குன்மிங் மீது முதல் விமானத் தாக்குதல் நடந்தது. 1940 அக்டோபரிலும் 1941 ஆகஸ்டிலும் வளாகத்திலேயே குண்டுகள் விழுந்தன. எச்சரிக்கை பெரும்பாலும் பகல் நடுவில்தான் வரும் என்று கண்டு, காலை வகுப்பை 10 மணிக்குள் முடித்து, மீதியைப் பிற்பகல் 3 மணிக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். சங்கு ஊதினால் ஊரே வடக்கே இருந்த மேடுகளுக்கும் கல்லறைத் திட்டுகளுக்கும் ஓடும். தத்துவப் பேராசிரியர் ஜின் யுவேலின் அறிவுக்கோட்பாடு பற்றித் தான் எழுதிக்கொண்டிருந்த பெரிய கையெழுத்துப் பிரதியை எச்சரிக்கையின்போது கூடவே தூக்கிக்கொண்டு போய், அதன் மேலேயே உட்கார்ந்திருந்து, எழுந்து வரும்போது மறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்பிப் போனால் இல்லை. ஆறேழு லட்சம் எழுத்துகள். முழுதாகத் திரும்ப எழுதினார், அச்சில் வந்தது 1983-இல்.

கணிதப் பேராசிரியர் ஹுவா லுவோகெங்கின் வீடு குண்டில் போனபோது வென் யீதுவோ தன் அறையை நடுவில் துணி தொங்கவிட்டுப் பாதியாகக் கொடுத்தார். பிறகு ஹுவா ஊருக்கு வெளியே மாட்டுத்தொழுவத்துக்கு மேலே இருந்த பரணில் குடியேறினார், பகா எண்கள் பற்றிய அவருடைய முக்கியமான நூல் இந்தக் காலத்து வேலை.

நம் பக்கத்தைத் தொடும் ஒரு விஷயமும் இதில் உண்டு. இயற்பியல் பேராசிரியர் வூ தாயோ பெய்பிங்கில் இருந்து தப்பி வந்த ஒரு நிறமாலைமானியின் முப்பட்டகத்தை மரச்சட்டத்தில் பொருத்தி, கிராமத்து மண்வீட்டில் வைத்து ராமன் விளைவுச் சோதனைகளைச் செய்து பார்த்தார். திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்டுபிடித்தது, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் யுன்னான் கிராமத்தில் விமானத் தாக்குதலுக்கு நடுவே ஒருவருடைய அன்றாட ஆராய்ச்சியாக இருந்திருக்கிறது. மூலக்கூறுகளின் அதிர்வு நிறமாலை பற்றி வூ எழுதிய நூல் 1939-இல் வந்தது. அவரிடம்தான் யாங் சென்-நிங் இளங்கலை ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டுப் போனார். மூலக்கூறு நிறமாலையைக் குலக் கோட்பாட்டின் (சமச்சீரை ஆராயும் கணிதப் பிரிவு) வழியே பார்க்கும் ஒரு கட்டுரையை வூ அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சமச்சீர் பற்றிய யாங்கின் ஆர்வம் அங்கே தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். நோபல் பரிசு கிடைத்ததும் சமச்சீர் தொடர்பான வேலைக்குத்தான்.

உடையாமல் வைத்தது எது?

இப்போது கேள்விக்கு வருகிறேன். மூன்று பல்கலைக்கழகங்களையும் கரைத்து ஒன்றாக்க யாரும் முயலவில்லை, என் கணிப்பில் முதல் காரணம் அதுதான். மூன்றுக்கும் தனித்தனி அலுவலகம் இருந்தது. பேராசிரியர் நியமனம் அவரவர் பல்கலைக்கழகத்தின் பெயரில், அதற்கு மேல் லியாந்தா ஒரு நியமனம் தரும். மாணவர் எண்ணுக்கு முன்னால்கூட பீக்கிங் என்றால் பி, சிங்ஹுவா என்றால் டி, நான்கை என்றால் என், குன்மிங்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏ. முதுநிலை ஆய்வு நிலையங்களும் தனித்தனி. அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்து, சொத்துக் கணக்கை மட்டும் தனியாக வைத்துக்கொண்ட மாதிரி. என்றாவது ஒருநாள் வடக்கே திரும்பிப் போய்த் தன் வீட்டில் தான் இருக்கப்போகிறோம் என்ற உறுதி இருந்ததால், யார் யாரை விழுங்கிவிடுவார்கள் என்ற பயம் அடங்கியிருந்தது. பயமே இல்லை என்று சொல்ல முடியாது. சிங்ஹுவாவுக்கு இழப்பீட்டு நிதியின் பணம் இருந்தது, ஆசிரியர்களும் அதிகம், பீக்கிங் ஆட்களுக்கு மனக்குறை வந்தது, பிரிந்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அந்த இடத்தில்தான் தலைமை முக்கியமாகிறது. மூன்று தலைவர்களும் சேர்ந்த நிலைக்குழுதான் பெயரளவில் நிர்வாகம். நான்கையின் ஜாங் போலிங் பெரும்பாலும் சோங்சிங்கில், பீக்கிங்கின் ஜியாங் மெங்லின் விலகி நின்று வழிவிட்டார், பல்கலைக்கழகத்தை உண்மையில் நடத்தியவர் சிங்ஹுவாவின் மெய் யீச்சி. அதிகம் பேசாத மனிதர். 1931-இல் சிங்ஹுவா தலைவராகப் பொறுப்பேற்றபோது, பெரிய கட்டடங்கள் இருப்பதால் பல்கலைக்கழகம் ஆவதில்லை, பெரிய ஆசான்கள் இருப்பதால்தான் ஆகிறது என்று சொன்னவர், குன்மிங்கில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. மெய்யின் திறமையை எல்லோரும் புகழ்கிறார்கள். ஜியாங் விலகி நின்றதற்கும் அதே அளவு பெருமை சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சீனாவின் மிகப் பழமையான தேசியப் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் தலைவர், முன்னாள் கல்வி அமைச்சர், தன் ஆட்கள் முணுமுணுக்கும்போதும் அதிகாரத்தை இன்னொருவரிடம் விட்டு வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அடுத்து, அதிகாரம் பேராசிரியர் மன்றத்திடம் இருந்தது. 1940-இல் கல்வி அமைச்சர் சென் லீஃபு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு முறை என்று உத்தரவு போட்டபோது லியாந்தா பேராசிரியர்கள் மறுத்துக் கடிதம் எழுதினார்கள். அதை எழுதியவர் தத்துவப் பேராசிரியர் ஃபெங் யோலான். உலகின் நல்ல பல்கலைக்கழகங்கள் எதுவும் இன்னொன்றின் அச்சாக இல்லை, எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பது நடத்துபவர்களுக்குத்தான் தெரியும் என்பது அதன் சாரம். ஒரே பாடத்துக்கு மூன்று பல்கலைக்கழகத்து ஆட்களும் இருந்ததால் ஒரே சீன வரலாற்றுப் பாடத்தை சியன் மு ஒரு பக்கமும் லெய் ஹாய்சோங் இன்னொரு பக்கமும் தங்கள் தங்கள் பார்வையில் நடத்தினார்கள், மாணவர் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கட்சி நெருக்கடி இல்லாமல் இல்லை. புலத் தலைவர்கள் ஆளும் கட்சியான கோமின்டாங்கில் சேர வேண்டும் என்று அழுத்தம் வந்தது, பலர் சேர்ந்தார்கள், மறுத்தவரும் பதவியில் தொடர்ந்தார்.

வடமேற்கில் இது எதுவும் இல்லை. அந்த மூன்று நிறுவனங்களையும் எப்போது சேர்ப்பது, எப்போது வெட்டுவது என்பதை அமைச்சகம் முடிவு செய்தது, வெட்டியும் விட்டது.

தூரமும் ஒரு காரணம், இதை மறைக்கக் கூடாது. யுன்னானின் ஆளுநர் லோங் யுன் தன் மாகாணத்தில் கோமின்டாங் அரசின் தலைவர் சியாங் காய்-ஷெக்கின் கை அதிகம் நீளவிடாதவர். பல்கலைக்கழகத்தை உளவுத்துறையிடம் இருந்து கொஞ்சம் காப்பாற்றியது அந்த உள்ளூர் அரசியல். அது இல்லாமல் பேராசிரியர் மன்றம் மட்டும் எவ்வளவு நாள் நின்றிருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

விலைவாசி

குண்டு உடைக்காததைக் கடைசியில் பணவீக்கம் கிட்டத்தட்ட உடைத்தது. போருக்கு முன் மாதம் 300 யுவானுக்கு மேல் வாங்கிய பேராசிரியரின் சம்பளம், 1943-இல் நோட்டுக் கணக்கில் ஆயிரக்கணக்காக ஏறியிருந்தாலும், பழைய மதிப்பில் 10 யுவானுக்கும் கீழே இறங்கியிருந்தது. மாணவர் விடுதிச் சோற்றில் கல், மண், உமி, எலிப்புழுக்கை எல்லாம் கிடந்தது, அதற்கு விருந்துப் பலகாரத்தின் பெயரை வைத்துச் சாப்பிட்டார்கள். மெய் யீச்சியின் மனைவி அரிசிமாவில் கேக் செய்து கடைக்குக் கொடுத்து விற்றார். வென் யீதுவோ முத்திரை செதுக்கும் தொழிலில் இறங்கினார். பழைய சீன எழுத்துகளை ஆராய்ந்தவர், ஓவியம் படித்த கை, கல்லிலும் தந்தத்திலும் பெயர் செதுக்கி எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தைக் காப்பாற்றினார். மெய், ஜியாங் உட்படச் சக ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு அவருக்கு விளம்பர அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். பகலில் கவிதை வகுப்பு, ராத்திரி விளக்கில் முத்திரை. நடுவில் அரசு ஊழலையும் போர் லாபக்காரர்களையும் பார்த்துப் பார்த்து அவர் மனம் மாறிக்கொண்டே வந்தது.

1943, 44-இல் அமெரிக்கப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேவைப்பட்டபோது கடைசி வருட ஆண் மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள். 1946-இல் குன்மிங் வளாகத்தில் வைத்த நினைவுக் கல்லின் பின்பக்கத்தில் படையில் சேர்ந்த 834 மாணவர்களின் பெயர் இருக்கிறது, உண்மையில் சேர்ந்தவர்கள் இதைவிட அதிகம். முன்னாள் மாணவர் மு தான் 1942-இல் பர்மா போர்முனைக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய், தோற்றுப் பின்வாங்கிய படையோடு காட்டுக்குள் மாட்டி, பட்டினியிலும் அட்டைக்கடியிலும் உடன் வந்தவர்கள் விழ விழ நடந்து, உயிரோடு இந்தியா வந்து சேர்ந்தவர். அந்தச் சேவையையே குற்றமாக்கி 1958-இல் அவரை எதிர்ப்புரட்சியாளர் என்று முத்திரை குத்தியது புதிய கம்யூனிஸ்ட் அரசு.

முடிவு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அக்டோபரில் சியாங் காய்-ஷெக் லோங் யுன்னைப் படைபலத்தால் இறக்கினார், பாதுகாப்பு போனது. நவம்பர் 25 இரவு, கோமின்டாங்குக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் இடையிலான உள்நாட்டுப் போருக்கு எதிராக வளாகத்தில் கூட்டம் நடந்தபோது தலைக்கு மேல் துப்பாக்கிச் சூடு. மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் 1-இல் ராணுவ ஆட்களும் அடியாட்களும் வளாகங்களுக்குள் புகுந்து அடித்துக் கையெறி குண்டு வீசினார்கள், நான்கு பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேர் லியாந்தா ஆசிரியர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் தொழிற்பள்ளியில் படித்த பதின்ம வயதுப் பையன். நாலு பேரையும் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

1946 மே 4-இல் நிறைவு விழா. ஃபெங் யோலான் எழுதிய வாசகத்தோடு நினைவுக் கல் திறக்கப்பட்டது, அதன் தலைப்பு எழுத்துகள் வென் யீதுவோ எழுதியவை. மூன்று பல்கலைக்கழகங்கள் எட்டு வருடம் வேற்றுமையோடு ஒத்துழைத்ததை அந்த வாசகம் பெருமையாகச் சொல்கிறது. வடக்கே போகும் வேலை உடனே தொடங்கியது. ஜூலை 11-இல் ஜனநாயக இயக்கத் தலைவர் லீ கோங்பு குன்மிங் தெருவில் சுடப்பட்டார். 15-ஆம் தேதி அவருக்கான இரங்கல் கூட்டத்தில் கொலைகாரர்களைப் பார்த்து வெளியே வாருங்கள் என்று பேசிய வென் யீதுவோ, அன்று மாலையே வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். குறுக்கே விழுந்த மூத்த மகன் பலத்த காயத்தோடு பிழைத்தார். இரண்டு வாரத்தில் பல்கலைக்கழகம் சட்டப்படி முடிந்தது.

அப்புறம் ஆட்கள் சிதறினார்கள். மெய் யீச்சி தைவானில் சிங்ஹுவாவைத் திரும்பத் தொடங்கினார், ஜியாங் மெங்லினும் தைவான் போனார், ஜாங் போலிங் தியன்ஜினிலேயே 1951-இல் இறந்தார். நான்கை 1946-இல் அரசுப் பல்கலைக்கழகமாக மாறியது. கம்யூனிஸ்ட் அரசு 1952-இல் செய்த பல்கலைக்கழக மறுசீரமைப்பில் சிங்ஹுவாவின் கலை, அறிவியல் புலங்கள் பிடுங்கப்பட்டு அது பொறியியல் நிறுவனமாகச் சுருக்கப்பட்டது. 1940-இல் பேராசிரியர்கள் மறுத்த ஒரே அச்சுக் கல்வி இந்த முறை மறுக்க முடியாத ஆணையாக வந்தது, மறுக்கப் பேராசிரியர் மன்றமும் இல்லை. சாலையின் ஒவ்வொரு வளைவையும் நடந்த செங் ஜாவ்லுன் 1957-இல் வலதுசாரி என்று ஒதுக்கப்பட்டு 1967-இல் இறந்தார்.

ஆசிரியர் கல்லூரி மட்டும் வடக்கே போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் பஞ்சம் இருந்த மாகாணத்துக்கு இது தேவை என்று குன்மிங்கிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இன்று அது யுன்னான் ஆசிரியர் பல்கலைக்கழகம். நினைவுக் கல், நான்கு கல்லறைகள், ஒரு பழைய தகரக்கூரை வகுப்பறை எல்லாம் அந்த வளாகத்துக்குள்தான் இருக்கின்றன. பெரிய பெயர் எடுத்தவர்களின் பட்டியலில் இந்தக் கல்லூரி வருவதே இல்லை. எட்டு வருடம் இடம் கொடுத்த மாகாணத்துக்கு லியாந்தா செய்த கைம்மாறு இதுதான், அங்கே படித்த ஆசிரியர்கள் இன்றும் யுன்னான் பள்ளிகளில் பாடம் நடத்துகிறார்கள்.